என் மகளுக்கு நடந்தது

ஜனவரி 9, வியாழன்

மூடுபனி. எதிர் பிளாக் தெரியவில்லை. நொய்டா கேப் நாற்பது நிமிடம் தாமதம். கீசர் மறுபடி மக்கர், மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

எங்கள் விளம்பர ஆபீசில் பெண் வாக்காளர்களுக்கான டெஸ்க்கின் முதல் கூட்டம். தேர்தல் முடியும்வரை எனக்கு அதில்தான் வேலை. கட்சியின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நமக்கு வேலை கொடுத்தவர்கள் 'கிளையண்ட்'. எதிர்க்கட்சி 'அந்தப் பக்கம்'. எங்கள் மேலாளர் வருண் வெள்ளைப் பலகையில் எழுதியது:

சிரிப்பு: இலவச பஸ், மாதாமாதம் கணக்கில் பணம்.
கோபம்: தண்ணீர் லாரி, காஸ் விலை.
அழுகை: பாதுகாப்பு.

வேட்பாளர் இளம்பெண்களுக்கு அண்ணன், அம்மாக்களுக்குப் பிள்ளை. வயதானவர்கள் காலைத் தொடும்போது காமிரா இடதுபக்கம். இந்த முறை பெண்கள் வீட்டுக்காரர் சொன்னபடி ஓட்டுப் போட மாட்டார்கள், அவர்களைத் தனியாகப் பிடிக்க வேண்டும் என்றான் வருண். 'பிடிக்க' என்றேதான் சொன்னான். நானும் குறித்துக்கொண்டேன்.

மாடல்களின் படங்கள் அத்தனையையும் ஒதுக்கிவிட்டான். தோல் பளபளக்கிறதாம். உண்மையான முகம் வேண்டுமாம். எனக்குத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள் என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

தனம். எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் ஏழு வருடமாக வேலை செய்கிறாள். கள்ளக்குறிச்சிப் பக்கம். நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரத்துக் குடிசைப் பகுதியில் வீடு. புருஷனுக்குக் குர்கானில் கட்டட வேலை, ஞாயிறுதோறும் வருவார். ஒரே பெண் ரேணு, பன்னிரண்டாம் வகுப்பு, சயின்ஸ்.

சாயங்காலம் தனத்திடம் சொன்னேன். வெட்கப்பட்டுச் சிரித்தாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், வேலைக்கு வரும் புடவையே போதும் என்றேன்.

ஜனவரி 11, சனி

ஷூட். வாடகை ஹால், ஹீட்டர் இல்லை. தனம் ஸ்வெட்டரோடு வந்தாள். கழற்றச் சொன்னார்கள். குளிரில் கை மரத்துப் போனது அவளுக்கு.

சிரிக்கும் படங்கள் பத்து நிமிடத்தில் முடிந்தன. அழுகைதான் வரவில்லை. கண்ணில் மருந்து விடலாம் என்றான் போட்டோகிராபர். இருங்கள் என்று சொல்லிவிட்டு நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளுடைய அம்மாவைப் பற்றிக் கேட்டேன். அம்மா இறந்தது ஊரடங்கில் ரயில் ஓடாத காலத்தில். ஊருக்குப் போக முடியாமல், போனில்தான் கடைசியாக முகம் பார்த்தாள். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

அழுதாள். க்ளிக் க்ளிக் க்ளிக். வருண் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

ஆங்கிலத்தில் ஒரு பாரம், மூன்று பக்கம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை நான்தான் தொட்டுக் காட்டினேன். தமிழில் கொஞ்சம் கோணலாகப் போட்டாள்.

திரும்பும்போது வண்டியில் சொன்னாள்: "அம்மாவ நெனச்சு அழுது ரொம்ப நாளாச்சுக்கா. மனசு லேசாயிருக்கு."

கீசர் சரி. காயில் மாற்றினான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மலை மந்திர் கோயிலில் கூட்டம், படியில் ஒன்றரை மணி நேரம். இவர் ஆபீசுக்கு அரை நாள் லீவு. பால் பொங்கியது, அடுப்பை அணைத்தது.

லீவு நாளிலும் வேலை. போஸ்டர் வாசகங்கள் பன்னிரண்டு, இந்தியிலும் தமிழிலும். எந்த வாசகத்துக்கு எந்தப் படம் என்பது டிசைன்காரர்கள் பாடு. ஏழாவது வரி வருணுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 'என் மகளுக்கு நடந்தது உங்கள் மகளுக்கு நடக்க வேண்டாம்.' குரூப்பில் எல்லாரும் கைதட்டும் பொம்மை போட்டார்கள். இந்தியில் இன்னும் நன்றாக விழுந்திருக்கிறது. யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. பேப்பரில் தினமும் வருவதுதானே.

சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 17, வெள்ளி



காலை ஒன்பதரை. கேப் நாலாவைத் தாண்டித் திரும்பியதும் மருந்துக்கடை மாடிச் சுவரில் தனம். இரண்டு மாடி உயரத்துக்கு. கண்ணீர் ஒவ்வொரு சொட்டும் பால் பாக்கெட் அளவு. அவள் தலைக்கு மேல் என் ஏழாவது வரி, இந்தியில், சிவப்பில். கீழே கைகூப்பிச் சிரிக்கும் வேட்பாளர்.

டிரைவரை நிறுத்தச் சொன்னேன். பின்னால் ஹார்ன். இறங்கி நடைபாதையில் நின்றேன். என் படம், என் வரி. இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்தது நான். சேர்த்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அவளுக்கு ஒரே மகள். அந்தச் சந்தில் எல்லாருக்கும் ரேணுவைத் தெரியும்.

பஸ்சுக்கு நின்ற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. பாவம், யார் வீட்டுப் பெண்ணோ. நாலு வீடு தள்ளி இருக்கிறாளே, தண்ணீர் பிடிக்க வருவாளே, அவள் அம்மாதான் இது. அச்சா? அந்தப் பெண்ணா?

ஆபீசுக்குப் போகாமல் வீடு திரும்பினேன். தனம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அவளுக்கு இந்தி பேச வரும், படிக்க வராது.

"அக்கா, எம்மாம் பெருசா வச்சிருக்காங்க தெரியுமா. மருந்துக்கடை மாடி முழுக்க நான்தான். இத்தினி நாளு பேசாதவங்ககூட காலையில கையப் புடிச்சிட்டாங்க."

எதற்குக் கையைப் பிடித்தார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள். ரேணுவுக்கு இன்றைக்கு ஸ்கூல் மூன்று மணிக்கு விடும். அவளுக்குப் படிக்க வரும்.

ஜனவரி 18, சனி

தனம் வரவில்லை. போன் எடுக்கவில்லை.

வருணிடம் பேசினேன். (இனி வ. போதும், முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.) பாரத்தில் கையெழுத்து இருக்கிறது என்றான். 'என் மகள்' என்றால் அவளுடைய மகள் என்று எங்கே போட்டிருக்கிறது, அது ஒரு உணர்ச்சி என்றான். பிறகு, நிஜமாகவே புரியாதவன் போல, இந்தப் போஸ்டர்தான் எல்லாவற்றையும்விட நன்றாகப் போகிறது, நீ ஏன் வருத்தப்படுகிறாய் என்று கேட்டான். எடுத்துவிடுங்கள் என்றேன். பத்து நாளில் தானாக மாறும் என்றான்.

அவன் கெட்டவன் மாதிரிப் பேசவில்லை. அதுதான் ஜீரணமாகவில்லை.

பால் இல்லை. இவர் போய் வாங்கி வந்தார்.

ஜனவரி 20, திங்கள்

தனம் வீட்டுக்குப் போனேன். ஏழு வருடத்தில் முதல் தடவை. சந்து தெரியாமல் கேட்க வேண்டியிருந்தது. பேரைச் சொன்னதும் ஒரு கிழவர் தலையாட்டி, போஸ்டர் வீடா என்றார்.

ஒரு ரூம். கட்டிலில் ரேணு, முழங்காலைக் கட்டிக்கொண்டு. மேலே பள்ளிக்கூட ஸ்வெட்டர். காலையில் கிளம்பித் தயாராகி, பிறகு போகவில்லையாம். சனிக்கிழமை கெமிஸ்ட்ரி பிராக்டிகலும் போயிற்று.

தனம் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே, என் முகத்தைப் பார்க்காமல், ஒவ்வொன்றாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை டீச்சர் ரேணுவைத் தனியாக அழைத்துப் போய் முதுகைத் தடவி, பயப்படாமல் சொல்லம்மா, யார் அவன் என்று கேட்டிருக்கிறார். தினம் கூடவே போகும் தோழியை அவள் அம்மா இனி வேறு வழியாகப் போகச் சொல்லிவிட்டாள். யாரோ படத்தை போனில் அனுப்பி, ஊரிலிருந்து தனத்தின் அண்ணன் பேசினார். முதலில் அழுதார். அப்புறம், பெண்ணைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடாதே, கொஞ்ச நாள் போகட்டும் என்றார். ஞாயிறு வந்த புருஷன் ஒன்றும் கேட்கவில்லையாம். மகளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாராம். 'அந்தப் பார்வைய என்னால தாங்க முடியல' என்றாள்.

இந்தியில் எழுதியிருப்பதை ரேணு சுவரின் கீழே நின்று சத்தமாகப் படித்துக் காட்டினாளாம். சுற்றிலும் ஆட்கள் நிற்கும்போதே.

நான் உண்மையைச் சொன்னேன். படத்துக்கு அழைத்தது மட்டுமில்லை, அந்த வரியையும் எழுதியது நான்தான் என்று. அதுவரை அவர்களுக்கு அது தெரியாது.

ரேணு தலை நிமிர்ந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"எனக்கு என்ன நடந்துச்சு ஆன்ட்டி? நீங்கதான எழுதினீங்க. பதாயியே நா, சொல்லுங்க. எல்லாரும் கேக்கறாங்க, எனக்கு பதில் தெரியல."

ஏதோ உளறினேன். பொதுவாக எழுதியது, எல்லாப் பெண்களுக்காகவும் எழுதியது என்று.

"எல்லாப் பொண்ணுங்களுக்கும்னா எம் பொண்ணு எதுக்கு மேடம்?" என்றாள் தனம்.

மேடம்.

ஜனவரி 22, புதன்

ராஜினாமா மெயில், மூன்று வரி. வ. 'டேக் கேர்' என்று பதில் போட்டான்.

அதனால் போஸ்டர் இறங்கிவிடுமா? இறங்காது. நேராக வேட்பாளரின் ஆபீசுக்குப் போனேன். வாசலில் மெஹந்தி போட வந்த பெண்கள் வரிசை, மேசையில் டப்பா டப்பாவாகக் கண்ணாடி வளையல். மகளிர் அணித் தலைவியைப் பார்க்க ஒரு மணி நேரம். நல்ல ஷால், அன்பான பேச்சு. நடந்ததைச் சொன்னேன். கண் கலங்கினார். கலங்கியதும் நம்பிவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: சனிக்கிழமை பார்க்கில் பெண்கள் கூட்டம் இருக்கிறது, அந்தப் பெண்ணை மேடைக்கு அழைத்து வாருங்கள், சால்வை போட்டு கௌரவிப்போம், ஒரு ஸ்கூட்டியும் ஏற்பாடு செய்யலாம், தைரியசாலிப் பெண் என்று எல்லாரும் பார்க்கட்டும்.

எதற்குத் தைரியசாலி, அவளுக்கு ஒன்றுமே நடக்கவில்லை, அதைத்தானே இவ்வளவு நேரமாகச் சொல்கிறேன் என்றேன்.

ஆமாம் ஆமாம் என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்றார்.

வெளியே வந்தேன். ரிங் ரோடு பஸ் ஸ்டாப் பெஞ்சில் அரை மணி நேரம்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அவர்களை நிம்மதியாக விட்டுவிடு, நீ இன்னும் தோண்டாதே என்றார். சரியாக இருக்கலாம். ஆனால் மேடை விஷயத்தை மறைக்கவும் பயம். போனில் சொன்னேன். எடுத்தது ரேணு. மைக் கொடுப்பார்களா என்று மட்டும் கேட்டாள்.

ஜனவரி 25, சனி

எழுதத் தெரியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பார்க்கில் ஷாமியானா. சிவப்பு நாற்காலிகள், எல்லாம் பெண்கள். வளையல், பொட்டுப் பாக்கெட், சமோசா, ஜூஸ். பாட்டு. நான் பின்வரிசையில். தனமும் ரேணுவும் முன்வரிசையில், ரேணு ஸ்கூல் யூனிபாரத்தில். அவளே அதைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

வேட்பாளர் வந்தார், சகோதரிகளே என்றார், பெண்களால்தான் இந்த நாடு என்றார். பிறகு ரேணுவை மேடைக்கு அழைத்தார்கள். சால்வையை அவள் வாங்கவில்லை. மைக்கை வாங்கினாள்.

இந்தியில், தெளிவாகப் பேசினாள். என் பெயர் ரேணு. பன்னிரண்டாவது படிக்கிறேன். மருந்துக்கடை மேல் இருப்பது என் அம்மா. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. அம்மா அழுதது பாட்டி செத்ததற்கு. அந்த போஸ்டரை இறக்குங்கள். நான் ஸ்கூலுக்குப் போக வேண்டும்.

அவ்வளவுதான். சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு ஐந்து விநாடி நிஜமாகவே அப்படி நினைத்தேன்.

மகளிர் அணித் தலைவி மைக்கை மெதுவாக வாங்கினார். குரல் தழுதழுத்தது. பாருங்கள் சகோதரிகளே, நடந்ததை இந்தக் குழந்தையால் வாயால் சொல்லக்கூட முடியவில்லை, ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல வைத்திருக்கிறது இந்தச் சமூகம் என்றார்.

கைதட்டல். பெண்கள் எழுந்து நின்று தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்தவள் அழுதுகொண்டே தட்டினாள். மேடையேறி யாரோ ரேணுவைக் கட்டிப்பிடித்தார்கள். அவள் கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. 'குச் நஹீ ஹுவா' என்று அவள் உதடு அசைந்தது தெரிந்தது, ஒன்றும் நடக்கவில்லை என்று. மைக் அவளிடம் இல்லை.

தனம் மேடைமேல் ஏறி, கட்டிப்பிடித்திருந்தவளைப் பிய்த்து எடுத்து, மகளைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போனாள். என்னைத் தாண்டித்தான் போனார்கள். எழுந்தேன். அதற்குள் பார்க்கைத் தாண்டிவிட்டார்கள்.

ஜனவரி 27, திங்கள்

இன்னும் இருக்கிறது.

எதிர்க்கட்சி, அந்தப் பக்கத்துக்காரர்கள், ரேணு பேசியதை வீடியோவாக வெட்டிப் போட்டிருக்கிறார்கள். 'எனக்கு ஒன்றும் நடக்கவில்லை' என்ற இடம் மட்டும். மேலே அவர்களுடைய வாசகம்: மிரட்டிப் பொய் சொல்ல வைக்கப்பட்ட மகள், நீதி எப்போது? அடுக்குமாடி வாட்ஸப் குரூப்பில் எனக்கே வந்தது. மூன்றாவது மாடி அம்மா கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்.

இரண்டு கட்சிக்கும் எதிலும் ஒத்துப்போகாது. இதில் ஒத்துப்போய்விட்டது. இவள் ஆமாம் என்றாலும் நடந்தது, இல்லை என்றாலும் நடந்தது.

மத்தியானம் தனம் வீட்டு வாசலுக்குக் காமிராவோடு ஆட்கள் வந்தார்களாம். பக்கத்து வீட்டுப் பெண்கள் துடைப்பத்தோடு நின்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். போனில் சொன்னது தனம். அவளே கூப்பிட்டாள். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மருந்துக்கடை முன்னால் வர முடியுமா, போலீஸ் வந்தால் நல்ல இந்தியில் பேச ஒரு ஆள் வேணும் என்றாள். சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஜனவரி 29, புதன்

எட்டுக்கு முன்பே போய்விட்டேன். வெயில் நன்றாக அடித்தது, பனி இல்லை.

சந்திலிருந்து ஏழு பெண்கள். இரண்டு பேர் தமிழ், மற்றவர்கள் பீகார், ராஜஸ்தான். பெயிண்டரிடம் வாங்கிய மூங்கில் ஏணி. கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கி எட்டிப் பார்த்தார். சுவருக்கு வாடகை வாங்கியவர். தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

தனமே ஏறினாள். வேறு யாரையும் விடவில்லை. காய் நறுக்கும் கத்தி இடுப்பில். நானும் ராஜஸ்தான்காரியும் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டோம். கயிறு ஒவ்வொன்றாக அறுந்தது. மேல்பக்கம் விட்டதும் பிளக்ஸ் முழுவதும் மடிந்து எங்கள் தலைமேல் விழுந்தது. உள்ளே ஒரே இருட்டு, பெயிண்ட் வாடை. யாரோ சிரித்தார்கள். வெளியே வந்தோம்.

கான்ஸ்டபிள் வந்தார். தேர்தல் விளம்பரத்தைச் சேதப்படுத்தினால் கேஸ் என்றார். நான் பேச ஆரம்பித்தேன், தயார் செய்து வைத்திருந்த நல்ல இந்தியில். தனம் என்னைக் கையால் விலக்கினாள். தன் இந்தியிலேயே சொன்னாள். பிறகு எங்களைப் பார்த்துத் தமிழிலும் சொன்னாள்:

"என் மூஞ்சி. என் மூஞ்சியத்தான் நான் கிழிச்சேன். அதுக்குக் கேஸு இருந்தா எழுதட்டும்."

அவர் தரையில் கிடந்த படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நோட்டை மூடிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, ரோட்டை மறைக்காமல் எடுத்துப் போங்கள் என்றார்.

ஏழு பேருமாகச் சுருட்டித் தூக்கிப் போனார்கள். தனத்திடம் ரேணு எங்கே என்று கேட்டேன்.

"ஸ்கூலுக்குப் போயிருக்கா" என்றாள். "நான்தான் விட்டுட்டு வந்தேன். டீச்சர்கிட்ட பேசினேன். பிராக்டிகல் மறுபடி வைக்கிறாங்களாம்."

வேலைக்கு வருவாயா என்று கேட்கவில்லை. செக்டர் நாலில் ஒரு வங்காளி வீட்டில் சேர்ந்துவிட்டாளாம், பிறகு தெரிந்தது. பாத்திரம் நானும் இவருமாக.

பிப்ரவரி 5, புதன்

ஓட்டு. பள்ளிக்கூடம் ஒரே ஜோடனை. பெண்களே நடத்தும் பூத்தாம். பிங்க் பலூன், பிங்க் துணி, செல்ஃபி எடுக்க அட்டையில் ஒரு சட்டம். எல்லாக் கட்சிக்காரர்களும் வாசலுக்கு வெளியே மேசை போட்டு, வாங்க பஹன்ஜி, வாங்க சகோதரி, தண்ணீர் குடியுங்கள்.

வரிசை நீளம். எனக்குக் கொஞ்சம் முன்னால் தனம், மாம்பழ மஞ்சள் புடவை, எண்ணெய் வைத்து வாரிய தலை. ஸ்லிப்பைப் படிக்க ரேணுவைக் கூட்டி வந்திருக்கிறாள் போல. ரேணுவுக்கு ஓட்டு வர இன்னும் ஒரு வருடம். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். தனம் பார்த்தாள், அசைக்கவில்லை.

பேப்பர் போட்டோகிராபர் ஒருவன் வரிசையை ஒட்டி நடந்து வந்தான். இளவயது, மரியாதையான பையன். தனத்தின் முன்னால் நின்றான். நல்ல முகம் ஆன்ட்டி, ஒரு படம் என்று இந்தியில் கேட்டுக் காமிராவைத் தூக்கினான். வரிசையை விட்டு ஓர் அடி வைத்தேன்.

தனம் முகத்தை மூடவில்லை. கையை மட்டும் நீட்டிக் காமிராவைக் கீழே இறக்கினாள்.

"கீழே என்னா எழுதுவே?" என்றாள், பாதி இந்தி பாதி தமிழில். "மொதல்ல அத எழுதிக் காட்டு. எம் பொண்ணு படிக்கட்டும். அப்பறம் எடு."

அவனுக்குப் புரியவில்லை. ரேணு இந்தியில் சொன்னாள். இன்னும் எதுவும் யோசிக்கவில்லை, படம்தான் முதலில் எடுப்போம், எழுதுவது ஆபீசில் வேறு ஒருவர் என்றான்.

"அப்போ அவரக் கூட்டியா" என்றாள் தனம்.

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்.

கேட் திறந்தது. பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டார்கள். தனம் போய்விட்டாள். எனக்கு முன்னால் இன்னும் ஏழெட்டுப் பேர்.